ஏதாச்சும் வேணும்னா கேளு

மேடையில் வீற்றிருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் செல்லச்சாமி ஐயா அவர்களே, கம்பெனியின் போர்மேன் சுந்தரபாண்டி அண்ணாச்சி அவர்களே, மகளிர் சுய உதவிக் குழுவின் அத்தைமார்களே, மதினிமார்களே, மல்லாங்கிணற்றிலிருந்து வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் என் பெரியப்பா ராக்கப்பன் அவர்களே, நாற்காலி பற்றாமல் ஸ்பீக்கர் பெட்டி மேல் அமர்ந்திருக்கும் மைக்செட் அன்பரசன் அண்ணன் அவர்களே, எல்லாருக்கும் நடுவில், மாலை போட்ட படத்துக்குள் அமர்ந்திருக்கும் என் அம்மா பொன்னுத்தங்கம் அவர்களே! எல்லாருக்கும் வணக்கம்.

நான் ரோஜா. பிளஸ் டூ படிக்கிறேன். தலைவர் ஐயா மைக்கை என்னிடம் கொடுக்கும்போது காதோரமாக ஒன்று சொன்னார்: "தாயி, இன்னைக்கு ஒரு நா சேட்டை பண்ணாமப் பேசிட்டு எறங்கிரு." சரிங்க ஐயா. பண்ண மாட்டேன். ஆனால் அம்மாவின் பெயரே ஒரு சேட்டை, அதற்கு நான் பொறுப்பில்லை. பொன் என்றாலும் தங்கம், தங்கம் என்றாலும் பொன். பெயர் வைத்தவர்கள் ஒரே நகையை இரண்டு தடவை பூட்டிவிட்டார்கள். பெயரில் இருந்தது காதிலும் கழுத்திலும் கடைசி வரை வரவில்லை. யாராவது கேட்டால், "பேரே கனமா இருக்கு, இதுக்கு மேல எங்க போடுறது" என்பார்.

வீட்டுக்கு வந்த எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து, "அழுதுரு தாயி, உள்ள அடக்கி வைக்காத" என்றீர்கள். நான் எதையும் அடக்கி வைக்கவில்லை. பட்டாசு ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திரியில் நெருப்பு வைத்தாகிவிட்டது. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறீர்கள். வெடி வெடிக்கவில்லை. நமுத்துப்போயிருக்கிறது. கிட்டப் போய்ப் பார்க்கவும் பயம். அப்படித்தான் இருக்கிறேன். உங்களுக்கும் கை வலிக்கும். காதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொன்னீர்கள். திரும்பிப் போகும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே எல்லாரும் அதே வார்த்தையைச் சொன்னீர்கள். "ஏதாச்சும் வேணும்னா கேளு தாயி." நானும் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். "ஒண்ணும் வேணாம். நான் பாத்துக்கிறேன்." அது என் பதில் இல்லை. அம்மாவின் பதில். குரல்கூட அவருடையதுதான். நான் மிமிக்ரி பண்ணுவேன் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நான் பண்ணவில்லை. அதுவாக வந்தது.

எனக்கு ஒன்று வேண்டும்.

நாளைக் காலையில் பெரியப்பா என்னை மல்லாங்கிணற்றுக்குக் கூட்டிப் போகிறார். பையைக் கட்டி வைத்தாகிவிட்டது. எனக்குப் போக மனமில்லை. இந்த ஊரில், அம்மாவின் வீட்டில் இருந்து, இந்தப் பள்ளிக்கூடத்திலேயே பரீட்சை எழுத வேண்டும். அதற்கு இந்தக் கூடத்தில் இருக்கும் ஒருவரிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஒருவர் வீடு வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். வாய் வரவில்லை. இந்தப் பேச்சு முடிவதற்குள் கேட்க முடிகிறதா என்று பார்க்கிறேன். என் அம்மாவால் முடியவில்லை.

என் அம்மா யார்? தலைவர் ஐயா சொன்னார், குழுத் தலைவி என்று. போர்மேன் அண்ணாச்சி சொன்னார், பேக்கிங் செக்‌ஷனில் அவர் கை பட்ட லோடு ஒன்றும் திரும்பி வந்ததில்லை என்று. இரண்டும் உண்மை. நான் ஒன்று சொல்கிறேன். என் அம்மா இந்த ஊரின் கூட ஆள்!

ஆஸ்பத்திரியில் நம்மைப் பார்த்ததும் அவர்கள் முதலில் கேட்பது நோயையா? இல்லை. "கூட ஆள் யாரு?" என்றுதான். யாருக்குப் பிரசவ வலி? கூட ஆள் பொன்னுத்தங்கம்! யார் பெயரில் பேங்கில் குழப்பம்? கூட ஆள் பொன்னுத்தங்கம்! யார் வீட்டுக்காரர் குடித்துவிட்டு ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார்? கூட ஆள் பொன்னுத்தங்கம்! யார் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்திவிட்டு வீட்டிலிருந்து ஆள் கேட்கிறார்கள்? அங்கேயும் பொன்னுத்தங்கம். அந்தக் கணக்கில் பாதி எனக்காகப் போனது. அதைச் சேவையில் சேர்க்க வேண்டாம்.

வாசலில் யாராவது வந்து நின்று, "யக்கா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு..." என்று இழுப்பார்கள். முழுதாகச் சொல்ல விடமாட்டார். "எந்த பஸ்ஸு?" என்பார். அவ்வளவுதான். என்ன நோய் என்று கேட்க மாட்டார். ஏன் உன் வீட்டுக்காரர் வரவில்லை என்று கேட்க மாட்டார். கேட்டு வந்தவர் தலை நிமிர்ந்தே திரும்பிப் போவார்.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. காதால் கேட்பதற்கும் கேட்பது என்றுதான் பெயர், வாயால் கேட்பதற்கும் கேட்பது என்றுதான் பெயர். என் அம்மா காதால் கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். வாயால் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அந்தக் கதைக்கு வருகிறேன்.

அவர் யாருக்கும் மிஸ்டு கால் கொடுத்ததில்லை, கவனித்திருக்கிறீர்களா? இந்த ஊரில் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணாதவர் யார்? தலைவர் ஐயாவே எனக்கு மிஸ்டு கால் கொடுத்துத்தான் கூட்டம் எத்தனை மணிக்கு என்று சொன்னார். அம்மா கொடுக்க மாட்டார். "மிஸ்டு கால்னா என்ன? நீ திருப்பிக் கூப்புடுன்னு கேக்கிறதுதான? அதுக்கு நானே பேசிட்டுப் போறேன்" என்பார்.

ஒரு ஏப்ரல் முதல் தேதி, குழுவின் போர்டில் நான் ஒரு வேலை செய்தேன். 'மகளிர் சுய உதவிக் குழு' என்று எழுதியிருந்ததில், கடைசிச் சொல்லின் மேல், அதற்கு முந்தின 'க்'கையும் சேர்த்து, காலண்டர் தாளை ஒட்டிவிட்டேன். 'மகளிர் சுய உதவி' என்று மட்டும் நின்றது. குழுவே கூடி என்னைத் திட்டியது. அம்மா மட்டும் தள்ளி நின்று போர்டைப் பார்த்தார். "ஏ பிள்ள, இதுவும் நல்லாத்தான இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தோம். யாரும் அதை அவர் நிஜமாகச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் எல்லாரும் குழுவாக இருந்தீர்கள். அவர் சுய உதவியாக இருந்தார்.

ஏன் அப்படி இருந்தார்?

சற்று முன் தலைவர் ஐயா பேசும்போது, "யார் தயவும் இல்லாமத் தனியா நின்னு காமிச்ச பொம்பள" என்றார். கைதட்டினீர்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டக் கூடாது என்று பாதியில் ஞாபகம் வந்து நிறுத்தினீர்கள். ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கைதட்டல் என் அம்மாவுக்குப் புதிதில்லை. அப்பா காய்ச்சலில் போன நாளிலிருந்து அதைக் கேட்டவர். 'ஆம்பளை மாதிரி' என்றீர்கள். 'அவளுக்கு என்ன, சமாளிச்சுருவா' என்றீர்கள். 'தனியா நிக்கிறவ' என்றீர்கள். ஒருவரை நிற்கிறவர் என்று ஊரே கூடிச் சொல்லிவிட்ட பிறகு, அவர் எப்படி உட்காருவார்? சொல்லுங்கள், எப்படி உட்காருவார்! பாராட்டும் ஒரு பூட்டுதான். என்ன, பூட்டுகிற சத்தம் கைதட்டல் மாதிரி கேட்கும்.

இப்போது அந்த ஒரு தடவைக்கு வருகிறேன். பெரியப்பா, நீங்கள் தண்ணீர் குடிப்பதென்றால் இப்போதே குடித்துக்கொள்ளுங்கள்.

அப்பா இறந்த வருஷம் ஆடிக் காற்றில் எங்கள் கூரை பறந்தது. அம்மா பெரியப்பாவிடம் கேட்டார். பெரியப்பா மறு பேச்சுப் பேசவில்லை. தகரத்தை ஏற்றிக்கொண்டு வந்து, மேலுக்கு முடியாமல் படுத்திருக்க வேண்டிய நாளிலும் தானே ஏறி நின்று வேய்ந்து கொடுத்தார். பெரியப்பா நல்லவர். இதை நான் மேடை நாகரிகத்துக்காகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மழை பெய்தால் போன் வரும். "என்ன தாயி, ஒழுகலையே? நான் போட்ட தகரமாக்கும்!" நம் மாவட்டத்தில் எம்புட்டு மழை பெய்யும் என்று உங்களுக்கே தெரியும். அந்த வகையில் அம்மா தப்பித்தார். கல்யாண வீடுகள் மழையை நம்பி இல்லையே! பந்தியில் இலை விழுந்ததும் பக்கத்து இலைக்காரரிடம் பெரியப்பா ஆரம்பிப்பார்: "இந்தா இருக்காளே, இவ வீட்டுக் கூரை நான் போட்டது." அம்மா சாம்பாருக்கே கையை நீட்ட மாட்டார்.

ஒரு நாள் அம்மா தகரத்தைக் கழற்றினார். ஆஸ்பெஸ்டாஸ் போட்டார். தகரத்தை அடுக்கிக் கட்டி, மினி லாரியில் மல்லாங்கிணற்றுக்கே அனுப்பிவிட்டார். அடுத்த கல்யாணத்தில் பெரியப்பா என்ன சொன்னார்? "நான் போட்ட தகரத்தையே திருப்பி அனுப்புனவதான இவ!" தகரம் போய்விட்டது. சத்தம் போகவில்லை.

இதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. சொல்லிக்காட்டுவது. சொல்வது தப்பில்லை. காட்டுவதும் தப்பில்லை. இரண்டையும் சேர்த்தால்தான் குத்துகிறது. பெரியப்பா மட்டுமா சொல்லிக்காட்டினார்? இந்தக் கூடத்தில் சொல்லிக்காட்டாத வாய் ஒன்று இருந்தால் அது அந்தப் படத்துக்குள் இருக்கிறது. நமக்கெல்லாம் கெட்ட எண்ணம் கிடையாது. செய்ததை யாராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். ஆனால் வாங்கியவர் என்ன, மறந்தா போனார்? அவர்தான் தினமும் அதன் கீழே படுத்துத் தூங்குகிறாரே!

அதற்குப் பிறகு அம்மா மனிதர்களிடம் கேட்பதை நிறுத்திவிட்டார். குழாயடியில் குடத்தைத் தலைக்கு ஏற்ற, "தூக்கி விடவா தங்கம்?" என்று யாராவது வருவார்கள். "வேணாம் மதினி, செவரு இருக்கு" என்பார். குடத்தை முதலில் குட்டிச்சுவர் மேல் ஏற்றுவார். பிறகு குனிந்து, சுவரிலிருந்து தலைக்கு நகர்த்துவார். நான் ஒரு தடவை கேட்டேன், "அம்புட்டு பேரு நிக்கிறாங்க, செவரு எதுக்கும்மா?" என்று. "செவரு சொல்லிக்காட்டாதுல்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நேற்று நான்தானே தூக்கிவிட்டேன் என்று எந்தச் சுவர் கேட்டிருக்கிறது?

இனி நான் சொல்லப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அம்மாவைக் கடைசியாகக் கொண்டுபோன அன்று, ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் நர்ஸ் பாண்டிலட்சுமி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னது.

இந்தத் தீபாவளி சீசன் சூடுபிடித்த நேரத்தில் அம்மா விருதுநகருக்கு ஒரு சோலியாகப் போய் வந்தார், ஞாபகம் இருக்கிறதா? ஆளுக்கு ஒன்று வாங்கி வரச் சொன்னீர்கள். வாங்கியும் வந்தார். அந்தச் சோலி ஆஸ்பத்திரி. அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அந்த நர்ஸுக்கு அம்மாவை நன்றாகத் தெரியும். நம் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் கூட ஆளாக வந்தவரைத் தெரியாமல் இருக்குமா?

"என்னக்கா, இன்னைக்கு யாரைக் கூட்டியாந்திருக்கீக?"

"யாரையும் இல்ல பாப்பா."

"பேஷண்ட் எங்க, பாத்ரூம் போயிருக்காகளா?"

"நான்தான்."

"நீங்கதான் கூட ஆளு, அது தெரியும். பேஷண்ட்டு?"

"பேஷண்ட்டும் நான்தான், கூட ஆளும் நான்தான். நான் எங்கூடத்தான் வந்திருக்கேன்."

இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். சேட்டை எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

நெஞ்சுக் குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். தள்ளிப் போடக் கூடாது, உடனே சேர்ந்தாக வேண்டும், பெரிய ஆளாக ஒருவர் கூட இருக்க வேண்டும், நாளைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். நர்ஸ் அக்கா வாசல் வரை வந்து கேட்டிருக்கிறார், "ஊருல ஒருத்தர்கூடவா இல்ல உங்களுக்கு?" அம்மா சொன்னாராம்: "எல்லாரும் இருக்காக பாப்பா. சீசன்ல யாரைப் போயி லீவு போடச் சொல்றது? தீவாளி முடியட்டும்."

தீபாவளி இன்னும் வரவில்லை.

அம்மா கேட்டிருந்தால் வந்திருப்பீர்களா? வந்திருப்பீர்கள்! அடித்துப் பிடித்து வந்திருப்பீர்கள்! எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இன்றைக்குப் பாருங்கள். லோடு கிளம்ப வேண்டிய நேரத்தில் போர்மேன் அண்ணாச்சி பேக்கிங் செக்‌ஷனையே மூடிவிட்டு எல்லாரையும் வேனில் ஏற்றி வந்திருக்கிறார். ஒரு ஆளுக்கு லீவு கேட்கத் தயங்கியவருக்காக ஒரு கம்பெனியே லீவு போட்டிருக்கிறது. அம்மா இருந்திருந்தால் உங்களைத் திட்டியிருப்பார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கத் தெரிந்தவருக்குக் கட்டிலில் படுக்கத் தெரியவில்லை. அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

நம் ஊரில் சாவு என்றால் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி?" என்றுதான். இதற்கும் கேட்டார்கள். இல்லைங்க, வெடி விபத்து இல்லை. என் அம்மா எந்தக் கம்பெனியிலும் சாகவில்லை. கம்பெனி கொடுக்க ஆளில்லாமல் செத்தார். வேன் நிறைய ஆட்கள் இருந்தார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

அன்று காலையில் கம்பெனி வாசலில் வேன் நின்றது. அம்மா இறங்குவதற்குப் படியில் ஒரு காலை வைத்தார். கீழே, கூட வேலை பார்க்கும் கருப்பம்மாள் அத்தை நின்றுகொண்டிருந்தார். "மதினி, செத்தப் பிடிங்க" என்றார் அம்மா. அத்தை உடனே கையை நீட்டினார். நீட்டி, அம்மாவின் கையில் இருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டார். "இன்னைக்கு என்ன தங்கம், கொழம்பு இம்புட்டு மணக்கு?" என்று கேட்டுக்கொண்டே நகர்ந்து வழிவிட்டார். அம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார்.

செத்த என்றால் நம் பேச்சில் கொஞ்ச நேரம். இதில் நான் ஒரு சேட்டையும் செய்யவில்லை. வார்த்தையே அப்படி இருக்கிறது.

மிஸ்டு காலே கொடுக்காத என் அம்மா கடைசியாகக் கொடுத்தது அது ஒன்றுதான்.

கருப்பம்மாள் அத்தை, நீங்கள் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். போகிற வருகிறவர்களிடமெல்லாம், "வாளியைப் பிடிச்சேனே, அவளைப் பிடிக்கலையே" என்று சொல்கிறீர்களாம். அத்தை, உங்கள் மேல் தப்பில்லை. அந்த வார்த்தை அவர் சொல்லிப் பழகாத வார்த்தை. நீங்கள் கேட்டுப் பழகாத வார்த்தை. பொன்னுத்தங்கம் பிடி என்றால் வாளியைத்தான் பிடிக்கத் தோன்றும். நான் நின்றிருந்தாலும் வாளியைத்தான் பிடித்திருப்பேன். இந்த ஊரில் யார் நின்றிருந்தாலும் வாளியைத்தான் பிடித்திருப்பார்கள்.

பெரியோர்களே! இப்படிப்பட்ட கூட்டத்தின் முடிவில், மறைந்தவர் விட்ட வேலையைத் தொடர்வோம் என்று சொல்வது வழக்கம். நானும் சொல்கிறேன். ஆனால் என் அம்மா விட்ட வேலை இரண்டு. ஒன்று, செய்துகொண்டிருக்கும்போது விட்டது. கூட ஆள் வேலை. அதை இந்தக் குழு எடுத்துக்கொள்ளும். இனி யாராவது வாசலில் வந்து இழுத்தால், "எந்த பஸ்ஸு?" என்பது மட்டும்தான் நம் கேள்வி. இன்னொன்று, அவர் செய்யாமலே விட்டது. கேட்பது. அதையும் நாம்தான் செய்ய வேண்டும்.

அதற்கு முன்னால் எல்லாரும் ஒன்று சொல்ல வேண்டும். எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்தபடியே சொல்லுங்கள். மாடு கன்று முதல் தகரம் வரை, யாருக்கு எதைச் செய்தாலும், செய்ததோடு சரி. பந்தியில் சொல்லிக்காட்ட மாட்டோம். மழையில் சொல்லிக்காட்ட மாட்டோம். சண்டையிலும் சொல்லிக்காட்ட மாட்டோம்.

பெரியப்பா, சத்தம் வரவில்லை.

நன்றி பெரியப்பா. நீங்கள் கூப்பிட்டதற்கும் நன்றி. நீங்கள் என்னைக் கூட்டிப்போனால் நன்றாகத்தான் வைத்திருப்பீர்கள். தெரியும். பரீட்சை முடிந்ததும் வருகிறேன். மழை பெய்தால் போன் பண்ணுங்கள், ஒழுகவில்லை என்று நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

கருப்பம்மாள் அத்தை. உங்கள் வீட்டு வாசல் வரை வந்து நின்றவள் நான்தான். நாய் குரைத்ததே, அது என்னைப் பார்த்துத்தான். உங்கள் மகன் திருப்பூரில் இருக்கிறார். நீங்கள் இங்கே தனியாகத்தான் சமைத்துத் தனியாகத்தான் சாப்பிடுகிறீர்கள், அதுவும் இப்போது இல்லை. பரீட்சை முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டில் வந்து இருங்கள். எனக்கு ஒரு கூட ஆள் வேண்டும்.

கேட்டுவிட்டேன். இனி இறங்க வேண்டும். இந்த மேடைக்குப் படி உயரம், ஏறும்போது தெரியவில்லை.

அந்த வாளியை இன்னும் மடியிலேயே வைத்திருக்கிறீர்கள். அதைக் கீழே வைத்துவிட்டு வாங்க அத்தை.

செத்தப் பிடிங்க. என்னைத்தான்.